அரசு கேட்டது பத்து, மக்கள் சொன்னது மூன்று: கிளாருஸ் ஊராட்சி இணைப்பு

நிகழ்வு

கிழக்கு சுவிட்சர்லாந்தில் மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் சிறிய கன்டோன் கிளாருஸ். கன்டோன் என்பது அந்நாட்டின் மாநிலம். கிளாருஸின் பரப்பு 685 சதுர கிலோமீட்டர்; 2006இல் மக்கள்தொகை சுமார் 38,000. அந்த ஆண்டு மே 7, ஞாயிற்றுக்கிழமை, தலைநகரின் திறந்தவெளித் திடலில் கூடிய வாக்காளர்கள், தங்கள் 25 ஊராட்சிகளை மூன்றாகச் சுருக்க முடிவெடுத்தார்கள். அரசின் திட்டம் பத்து என்பதுதான். மூன்று என்ற எண் கூட்டத்திலிருந்த ஒரு குடிமகனின் திருத்தமாக வந்தது.

ஊராட்சி இணைப்பு சுவிட்சர்லாந்தில் புதிதல்ல. 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நாடு முழுவதும் 2,899 ஊராட்சிகள் இருந்தன. 2025 தொடக்கத்தில் 2,121. இவற்றில் பெரும்பாலானவை இரண்டு மூன்று ஊர்கள் ஆண்டுக்கணக்கில் பேசிப் பேசிச் சேர்ந்தவை. ஒரு கன்டோன் முழுவதையும் ஒரே முடிவில் மாற்றி வரைந்தது கிளாருஸ். அந்த முடிவில் நிலத்தின் அமைப்புக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்பதைத்தான் இந்த ஆய்வு முக்கியமாகப் பார்க்கிறது. இதில் வரும் மனிதர்களுக்குப் பெயர் குறிப்பிடவில்லை.

பின்னணி: ஒரு வாசல் வீடு

கிளாருஸின் நிலப்படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் இரண்டு கிளை விட்ட மரம் போலத் தெரியும். தெற்கே 3,600 மீட்டருக்கு மேல் நிற்கும் டோடி மலையடியிலிருந்து லின்த் ஆறு வடக்கு நோக்கி இறங்குகிறது. எல்ம் ஊர்ப் பக்கமிருந்து ஸெர்ன்ஃப் ஆறு வருகிறது. இரண்டும் ஷ்வாண்டன் என்ற ஊரில் கலக்கின்றன. லின்த் பக்கத்தைப் 'பெரிய பள்ளத்தாக்கு' என்றும் ஸெர்ன்ஃப் பக்கத்தைச் 'சிறிய பள்ளத்தாக்கு' என்றும் உள்ளூர்க்காரர்கள் சொல்கிறார்கள். ஷ்வாண்டனுக்குக் கீழே பள்ளத்தாக்கு ஒன்றே. அது தலைநகர் கிளாருஸைக் கடந்து, வாலன் ஏரியை ஒட்டிய சமவெளியில் அகன்று திறக்கிறது. ரயிலும் பெருஞ்சாலையும் ஆண்டு முழுவதும் வெளியே போகும் வாசல் அந்த வடக்கு முனைதான்.

இந்த அமைப்பு ஊர்களுக்கு இடையே ஓர் ஏற்றத்தாழ்வை உண்டாக்கியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பருத்தித் துணி அச்சடிக்கும் தொழில் ஆற்று நீரை நம்பி வளர்ந்தது. அப்போது மேல்பள்ளத்தாக்கிலும் ஆலைகள் இருந்தன. தொழில் படுத்த பிறகு வேலை வடக்கே, சமவெளிக்கும் சூரிச் பக்கமும் நகர்ந்தது. பள்ளத்தாக்கில் எவ்வளவு உள்ளே இருக்கிறதோ, அவ்வளவுக்கு ஓர் ஊரில் ஆட்கள் குறைந்தார்கள். ஷ்வாண்டனிலிருந்து எல்முக்கு 1905 முதல் ஓடிய சிறு ரயில் 1969இல் நிறுத்தப்பட்டுப் பஸ்ஸாகிவிட்டது. பிரவுன்வால்ட் என்ற ஊருக்கு இன்றும் கார் போகாது. லிந்தாலிலிருந்து 1907 முதல் ஓடும் கயிற்று ரயிலில்தான் ஏற வேண்டும்.

எல்லைகள் எப்போதும் மலைமுகட்டில்தான் விழும் என்றும் இல்லை. கிளவுசன் கணவாய்க்கு இந்தப் பக்கம், அதாவது கிளாருஸ் பக்கம், ஊர்னர்போடன் என்ற அகன்ற புல்வெளி இருக்கிறது. ஆனால் அது பக்கத்துக் கன்டோனான ஊரிக்குச் சொந்தம். இரு தரப்பும் சேவல் கூவியதும் ஓட்டக்காரரை அனுப்பி, அவர்கள் சந்திக்கும் இடத்தை எல்லையாக்குவது என்று பேசிக்கொண்டதாகவும், ஊரிக்காரர்கள் சேவலைப் பட்டினி போட்டதால் அது முந்திக் கூவியதாகவும் கதை. கிளாருஸ்காரர்கள் தங்கள் சேவலுக்கு வயிறு நிறையத் தீனி போட்டுத் தூங்கவிட்டார்களாம். பனிக்காலத்தில் கணவாய் மூடியதும் அந்தப் புல்வெளிக்கு வழி லிந்தால் பக்கமிருந்துதான். 2006இல் பேசப்பட்ட எந்தத் திட்டமும் இந்த எல்லையைத் தொடவில்லை.

2006க்கு முன் கண்டது

25 என்பது அரசியல் ஊராட்சிகளின் எண்ணிக்கை மட்டும். அவற்றோடு பள்ளிகளை நடத்தத் தனி அமைப்புகள், ஏழை எளியோருக்கு உதவி வழங்கத் தனி அமைப்புகள், 'டாக்வன்' எனப்படும் பரம்பரை ஊர்க்காரர் அமைப்புகள் என்று அடுக்கடுக்காக இருந்தன. எல்லாம் சேர்த்துச் சுமார் எழுபது. டாக்வன் என்ற சொல்லுக்கு வேர் 'ஒரு நாள் வேலை'. ஊர்ப் பொதுக் காரியத்துக்கு ஆளுக்கொரு நாள் உழைப்புக் கொடுத்த காலத்துச் சொல். மலை மேய்ச்சல் நிலங்களும் காடுகளும் பெரும்பாலும் இவற்றின் கையில் இருந்தன. ஒரே தெருவில் வசிக்கும் இரண்டு குடும்பங்கள் ஒரே ஊராட்சிக்கு வரி கட்டும். ஆனால் ஒன்றுக்கு மேய்ச்சல் நிலத்தில் உரிமை உண்டு, மற்றதற்கு இல்லை.

இத்தனை அமைப்புகளுக்கும் உறுப்பினர்கள் வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஊராட்சிப் பதவி முழுநேர வேலையல்ல. தச்சரும் ஆசிரியரும் விவசாயியும் மாலை நேரத்தில் பார்க்கும் பொறுப்பு. சில நூறு பேர் மட்டுமே வசிக்கும் ஊரில் ஒவ்வொரு தேர்தலிலும் ஆள் தேடுவதே பெரும்பாடாக இருந்தது. செலவுகளோ ஏறிக்கொண்டிருந்தன. கட்டடச் சட்டம், கழிவுநீர், கணக்குத் தணிக்கை என்று ஒவ்வொன்றும் படித்த அலுவலர்களைக் கேட்டது. ஒவ்வோர் ஊராட்சியும் தன் வரி விகிதத்தைத் தானே முடிவுசெய்ததால், நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களிலும் வரி வெவ்வேறாக இருந்தது.

தாமாக முன்வந்து இணைந்தவையும் உண்டு. 2004இல் டீஸ்பாக், ஹெட்சிங்கன் இரண்டும் லுக்சிங்கனோடு சேர்ந்தன. 2006இல் நிட்ஃபுர்ன், லொய்கல்பாக் இரண்டும் ஹாஸ்லனோடு சேர்ந்தன. 29ஆக இருந்தது 25ஆனது இப்படித்தான். இந்த நான்கும் மேல்பள்ளத்தாக்கில் அடுத்தடுத்து இருந்தவை. ஏற்கெனவே ஒரே பள்ளிக்கும் ஒரே ரயிலுக்கும் பழகியவை. கடினமான இணைப்புகள் இன்னும் தொடப்படவே இல்லை.

கடினமானவற்றுக்கு ஓர் எடுத்துக்காட்டு நேஃபல்ஸும் மொல்லிஸும். இடையில் ஓடுவது லின்த் ஆறு மட்டுமே. நேஃபல்ஸ் கத்தோலிக்க ஊர், மொல்லிஸ் சீர்திருத்தத் திருச்சபை ஊர். இந்தப் பிளவு வெறும் கோயில் விஷயமாக இருக்கவில்லை. 1836 வரை கிளாருஸில் இரு தரப்புக்கும் தனித்தனி மக்கள் பேரவைகளே நடந்தன. ஒரு கன்டோனுக்குள் இரண்டு அரசுகள் என்று சொன்னாலும் பெரிய மிகையில்லை. பழைய பகை ஆறிவிட்டது. ஆனால் 'நாங்கள் வேறு' என்ற பேச்சு ஆறவில்லை.

2006 மே 7: திடலில்

கிளாருஸில் சட்டங்களையும் வரி விகிதத்தையும் மக்களே நேரில் கூடி முடிவெடுக்கும் மரபு இன்றும் இருக்கிறது. ஜெர்மன் மொழியில் அதற்கு 'லான்ட்ஸ்கெமைண்டே' என்று பெயர். மே முதல் ஞாயிறு காலை, மரப்பலகை அடுக்குகளால் வளையம் போலக் கட்டிய திடலில் கூட்டம். நடுவில் மேடை, அதில் கன்டோன் தலைவர் வாளை ஊன்றி நிற்பார். மேடையடியில் குழந்தைகள் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். பேச வருபவர் 'பெரும் நம்பிக்கைக்குரிய அன்பான நாட்டாரே' என்று பொருள்படும் பழைய விளிச்சொல்லோடுதான் தொடங்க வேண்டும். வாக்களிக்கும்போது ஆயிரக்கணக்கான வண்ணச் சீட்டுகள் ஒரே நேரத்தில் மேலே எழும். யாரும் எண்ணுவதில்லை. தலைவர் கண்ணால் அளந்து சொல்வார். ஐயம் வந்தால் அமைச்சரவை உறுப்பினர் நால்வரை அழைத்துக் கேட்கலாம். அவர் சொன்னால் சொன்னதுதான். கூட்டம் முடிந்ததும் கன்றிறைச்சித் தொத்திறைச்சியும் பிசைந்த உருளைக்கிழங்கும் வேகவைத்த பிளம்ஸும் சாப்பிடப் போவார்கள்.

மற்ற கன்டோன்களில் மக்கள் வாக்கெடுப்பு என்றால் ஆம் அல்லது இல்லை. கிளாருஸ் பேரவையில் எந்தக் குடிமகனும் மேடையேறித் திருத்தம் கொண்டுவரலாம். அந்த உரிமை பெரும்பாலான ஆண்டுகளில் ஏதோ ஒரு சாலைச் செலவைக் குறைக்கப் பயன்படும். அன்று அது நிலப்படத்தையே மாற்றியது.

வீடுதோறும் முன்கூட்டியே அனுப்பப்பட்ட அரசின் அறிக்கையில் இருந்தது பத்து ஊராட்சித் திட்டம். கன்டோன் சட்டமன்றமும் அதையே ஆதரித்தது. ஒரு குடிமகன் எழுந்து, பத்து போதாது, மூன்று போதும் என்றார்: வடக்கு, நடு, தெற்கு. விவாதத்துக்குப் பின் சீட்டுகள் எழுந்தன. மூன்றுக்குப் பெரும்பான்மை. அரசே எதிர்பார்க்கவில்லை.

ஏன் மூன்று வென்றது

துணிச்சல் என்று பத்திரிகைகள் எழுதின. அதைவிட எளிய காரணம் ஒன்று இருந்தது என்பது என் கணிப்பு.

பத்து என்ற திட்டத்தில் ஒவ்வோர் ஊரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது: எந்தப் பக்கத்து ஊரோடு? பெண் பார்க்கும் வேலை அது. யாருக்குக் கடன் எவ்வளவு, யாருடைய பள்ளி தப்பிக்கும், அலுவலகம் யார் ஊரில் என்று ஒவ்வொரு ஜோடியும் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடும். மூன்று என்றதும் அந்தக் கேள்வியே போய்விட்டது. வரைந்தது பள்ளத்தாக்கு, ஊர்களுக்குத் தேர்வே இல்லை. எல்லோரும் இழக்கிறார்கள் என்பதால் யாரும் பக்கத்து ஊரிடம் தோற்றதாக ஆகவில்லை. நேஃபல்ஸ் மொல்லிஸுக்குள் கரையவில்லை, மொல்லிஸ் நேஃபல்ஸுக்குள்ளும் இல்லை. இரண்டும் இன்னும் ஆறு ஊர்களோடு சேர்ந்து வடக்காயின.

அதே வரைவில் குறையும் இருந்தது, அன்று காலை அதற்கு நேரம் கிடைக்கவில்லை. பள்ளத்தாக்கு வரைந்த கோடு, வளர்ந்துகொண்டிருந்த ஊர்களை வடக்கே ஒரு கூடையிலும், தேய்ந்துகொண்டிருந்த ஊர்களை எல்லாம் தெற்கே ஒரே கூடையிலும் போட்டது. அரசின் பத்துத் திட்டத்துக்கு நிதிக் கணக்கு இருந்தது. மூன்றுக்கு வாக்களித்தவர்கள் கையில் அப்படி எதுவும் இல்லை.

எதிர்ப்பு: 2006–2007

சிலர் கூட்டாட்சி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். அறிக்கையில் இல்லாத ஒன்றை, ஊராட்சிகளைக் கேட்காமல், ஒரே காலையில் முடிவெடுத்தது செல்லாது என்பது வாதத்தின் சாரம். திருத்தம் கொண்டுவரும் உரிமை அந்தப் பேரவையின் இயல்பு, வழக்கு தள்ளுபடியானது.

அடுத்து கையெழுத்து இயக்கம். போதிய வாக்காளர்கள் கேட்டால் சிறப்புப் பேரவையைக் கூட்டியே தீர வேண்டும். 2007 நவம்பர் 25, குளிரில், அதே திடலில் மறுபடியும் கூடினார்கள். அந்த ஆண்டு மே மாதம்தான் வாக்களிக்கும் வயதை 16ஆகக் குறைத்த முதல் கன்டோனாக கிளாருஸ் ஆகியிருந்தது. ஒன்றரை ஆண்டு விவாதித்து, தூங்கி, சண்டைபோட்டு வந்த மக்கள் முன்னைவிடத் தெளிவான பெரும்பான்மையில் மூன்றையே உறுதிசெய்தார்கள்.

எதிர்ப்பாளர்களை இடைஞ்சல்காரர்களாகப் பார்ப்பது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் முடிவு ஒரு காலை வேகத்தில் வந்தது என்ற குறையை நீக்கியது இந்த இரண்டாம் கூட்டம்தான். அதற்குப் பிறகு 'எங்களை ஏமாற்றிவிட்டார்கள்' என்று சொல்ல வழியில்லாமல் போனது.

மூன்றாண்டு வேலை

அலுவலர்கள் செய்தது பெரிய வேலை. சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. பள்ளி அமைப்புகளும் டாக்வன்களும் ஊராட்சிக்குள் கரைந்தன. சமூக உதவி கன்டோன் கைக்குப் போனது. மேய்ச்சல் நிலங்களும் காடுகளும் புதிய ஊராட்சிகளின் சொத்தாயின. புதிய ஊராட்சி உறுப்பினர்கள் முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 2011 ஜனவரி 1 அன்று, 'கிளாருஸ் நோர்ட்' 8 ஊர்களோடும், 'கிளாருஸ்' 4 ஊர்களோடும், 'கிளாருஸ் ஸூட்' 13 ஊர்களோடும் நடைமுறைக்கு வந்தன. கூட்டாட்சிப் புள்ளியியல் அலுவலகம் 1630, 1632, 1631 என்று எண் கொடுத்தது.

முதல் பெயருக்கும் மூன்றாவதற்கும் திசைகாட்டியே போதுமாக இருந்தது: நோர்ட் என்றால் வடக்கு, ஸூட் என்றால் தெற்கு. எட்டு ஊர்களில் எதன் பெயரை வைத்தாலும் ஏழு ஊர்கள் கோபித்துக்கொள்ளும். அதனால் யாருக்கும் பிடிக்காத, யாரையும் புண்படுத்தாத பெயர்.

அஞ்சலில் பழைய ஊர்கள் அப்படியே இருந்தன. எல்முக்குக் கடிதம் போட இன்றும் 8767 எல்ம் என்று எழுதினால் போதும். 8783 லிந்தால், 8784 பிரவுன்வால்ட். ஊர் மறைந்த இடம் வேறு: கடவுச்சீட்டு. சுவிஸ் கடவுச்சீட்டில் பிறந்த ஊர் இருக்காது. 'ஹைமாட்ஓர்ட்', சொந்த ஊர், இருக்கும். தாத்தாவின் தாத்தா எல்ம்காரர் என்றால், சூரிச்சில் பிறந்து எல்மைக் கண்ணால் பார்க்காத பேரனுக்கும் சொந்த ஊர் எல்ம்தான். இணைப்புக்குப் பின் புதுப்பித்த கடவுச்சீட்டில் அந்த இடத்தில் 'கிளாருஸ் ஸூட்' என்று வந்தது. ஊர் விட்டு ஊர் போனவர்களுக்கு அந்த ஒரு சொல்தான் ஊரோடு இருந்த கயிறு. சுவிஸ் குடியுரிமை பெற்ற தமிழர்களுக்கு இது அந்நியமான விஷயமல்ல: அவர்களுக்குக் குடியுரிமை தந்த ஊராட்சியின் பெயர்தான் அந்தக் கட்டத்தில் 'சொந்த ஊர்' என்று அச்சாகிறது. சாவகச்சேரியில் பிறந்தவருக்கும் அப்படித்தான்.

2011க்குப் பின்

தென் கிளாருஸின் பரப்பு 430 சதுர கிலோமீட்டர். ட்சூக், ஜெனீவா, ஷாஃப்ஹவுசன் ஆகிய கன்டோன்களைவிடப் பெரியது. 2015இல் கிரவுபுண்டன் கன்டோனில் ஸ்குவோல் ஊராட்சி ஐந்து அண்டை ஊர்களைச் சேர்த்துக்கொள்ளும் வரை, பரப்பில் நாட்டிலேயே பெரிய ஊராட்சி அதுதான். அதில் வசிப்பவர்கள் பத்தாயிரத்துக்குள். எல்மிலிருந்து லிந்தாலுக்குக் காகம் பறக்கும் தூரம் குறைவு. ஆனால் நடுவே மலை. பஸ்ஸில் ஷ்வாண்டன் வந்து ரயில் மாற வேண்டும். ஒரே ஊராட்சியின் இரு முனைகள், ஒன்றையொன்று பார்க்க முடியாதவை.

வடக்கில் சிக்கல் வேறு மாதிரி வந்தது. எட்டு ஊர்க் கூட்டங்களுக்குப் பதிலாக ஓர் ஊராட்சி மன்றம் அமைத்துப் பார்த்தார்கள். மக்களுக்குப் பிடிக்கவில்லை, சில ஆண்டுகளில் மன்றத்தைக் கலைத்துவிட்டு, எல்லோரும் கூடிப் பேசும் பழைய முறைக்கே திரும்பினார்கள். கன்டோன் முழுவதும் திடலில் கூடி முடிவெடுக்கும் நாட்டில் இது வியப்பில்லை. எட்டு ஊர்களின் நிலப் பயன்பாட்டுத் திட்டங்களை ஒன்றாக்கிய வரைவையும் கூட்டம் ஒரு முறை திருப்பி அனுப்பியது.

2023 ஆகஸ்ட் 29 அன்று ஷ்வாண்டனில், வாகன்ரூன்ஸ என்ற ஓடை வழியாக மலைச்சரிவு இறங்கி வீடுகளை மூடியது. உயிரிழப்பு இல்லை, சுமார் நூறு பேர் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். இந்தப் பகுதிக்கு மலை சரிவது புதிதல்ல. 1881இல் எல்மில் ஸ்லேட் கல் வெட்டிய மலை இடிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆனால் 2023இல் எச்சரிக்கை, தங்குமிடம், இடிபாடு அகற்றல், இழப்பீட்டுப் பேச்சு எல்லாவற்றையும் ஏற்றது பத்தாயிரம் பேரின் ஊராட்சி, கன்டோனோடு சேர்ந்து. சில ஆயிரம் பேருள்ள தனி ஷ்வாண்டனாக இருந்திருந்தால் அதே வேலையை மாலை நேர உறுப்பினர்கள் ஏழெட்டுப் பேர்தான் தூக்கியிருக்க வேண்டும். இணைப்பின் பயனை வரி விகிதத்தில் தேடுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்கலாம்.

மாற்றிச் செய்திருந்தால்

முதலில், திருத்தம் நிறைவேறிய கையோடு தெற்குக்கான நிதிக் கணக்கைத் தனியாகப் போட்டு, அதைச் சிறப்புப் பேரவைக்கு முன்பே மக்கள் கையில் கொடுத்திருக்க வேண்டும். மூன்றா பத்தா என்றே எல்லோரும் மோதிக்கொண்டார்கள். மூன்றும் சமமான மூன்றா என்பதற்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை. நீண்ட சாலைகள், பனி வாருதல், சரிவுத் தடுப்பு எல்லாம் பரப்புக்கு ஏற்ற செலவு. வரி வருவதோ தலைக்கணக்கில்.

இரண்டாவதாக, தெற்கை ஸெர்ன்ஃப், லின்த் என்று இரண்டாகப் பிரித்திருக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நிலப்படம் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஷ்வாண்டன் எந்தப் பக்கம் என்ற சண்டை அங்கேயே தொடங்கியிருக்கும். அது இல்லாத பக்கம் நிற்கவே முடியாது. இந்த இடத்தில் நான் மூன்றையே விட்டுவைப்பேன்.

முறையைப் பொறுத்தவரை, ஊருக்கு ஊர் தனி வாக்கெடுப்பு என்ற நேர் எதிர் வழியை நுவஷாதெல் கன்டோனில் பார்க்கலாம். 2009இல் வால் த திராவெர் பள்ளத்தாக்கில் பதினொன்றில் ஒன்பது ஊர்கள் சேர்ந்தன, இரண்டு மறுத்துவிட்டன. 2013இல் வால் த ரூயில் பதினாறில் பதினைந்து சேர்ந்தன. வெளியே நின்றது வலாஞ்சன், பள்ளத்தாக்கின் வாயில் கோட்டையோடு இருக்கும் சிறிய ஊர். யாரும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. எட்டு ஆண்டுகள் தனியாக இருந்து, 2021இல் அது பள்ளத்தாக்குக்குள் போகாமல் கீழே இருந்த நுவஷாதெல் நகரத்தோடு சேர்ந்துகொண்டது.